உமி நீங்கினால் சாமைக்குச் சந்தை உண்டு

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது" என்பது பழமொழி. இதைச் சொல்லிச் சொல்லியே நம்மில் பலர் கணக்குப் பார்ப்பதையே விட்டுவிட்டோம். கணக்கு நம் கையை விட்டுப் போனதும் விலை சொல்லும் உரிமையும் அதனுடன் சேர்ந்து போய்விட்டது.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மலையடிவாரத்துச் சந்தை ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். மலையிலிருந்து சாமை மூட்டைகள் இறங்கும். வியாபாரி மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து ஊதுவார். பதர் பறக்கும், மண் தங்கும். "கல் இருக்கிறது, கழிவு போகும்" என்று சொல்லி ஒரு விலை வைப்பார். மூட்டையைத் திரும்ப மலைக்கு ஏற்ற வண்டிச் சத்தம் இல்லை. சில குடும்பங்கள் ஆடி மாதமே அவரிடம் கைமாற்று வாங்கியிருக்கும். ஆகவே அவர் சொன்ன விலைதான் விலை. மூட்டையைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வேண்டிய உப்பு, புளி, எண்ணெய் வாங்கிக்கொண்டு உழவர் மலையேறுவார்.

அதே சாமை உமி நீங்கி, அரைக் கிலோ, ஒரு கிலோ பைகளில் நகரத்துக் கடைகளில் அடுக்கப்பட்டிருக்கிறது. விலையோ உழவர் பெற்றதைப் போல இரண்டு மடங்கு, சில இடங்களில் அதற்கும் மேல். இதைப் பார்த்ததும் இடைத்தரகர் கொள்ளையடிக்கிறார் என்று சொல்லத் தோன்றும். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை அதுவல்ல. மூட்டையில் இருந்தது சாமை. கடையில் இருப்பது சாமை அரிசி. இரண்டுக்கும் நடுவே உமி இருக்கிறது. அந்த உமியை நீக்கும் வேலை யார் கையில் இருக்கிறதோ அவர் கைக்கே பணம் போகிறது.

புதிய சந்தை என்று நாம் பேசும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

காய்கறி வேறு, சாமை வேறு

உழவரே நேரில் விற்கும் ஏற்பாடு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1999-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அதற்கு முன்பே 1987-ல் பஞ்சாபில் 'அப்னி மண்டி'யும், 1999 தொடக்கத்தில் ஆந்திரத்தில் 'ரைத்து பஜா'ரும் வந்துவிட்டன. அடையாள அட்டை, இலவசக் கடை, இலவசத் தராசு, அன்றன்று எழுதிப் போடும் விலைப் பலகை என்ற ஏற்பாட்டால் கத்தரியும் கீரையும் பயிரிடும் பல குடும்பங்களுக்கு நல்லது நடந்தது.

காய்கறி வயலிலிருந்து நேரே அடுப்புக்குப் போகிறது. கழுவி அரிந்தால் போதும். சாமை, வரகு, தினை, குதிரைவாலி ஆகியவை அப்படியல்ல. அவற்றைத் தானியமாகவே விரித்து வைத்தால் வாங்குவதற்கு ஆள் வராது. நகரத்து வீட்டில் உரலும் இல்லை, குத்துவதற்கு ஆளும் இல்லை. கேழ்வரகுக்கும் கம்புக்கும் இந்தத் தொல்லை குறைவு. கேழ்வரகை அப்படியே மாவாக அரைக்கலாம். அதனால்தான் கேழ்வரகுக்குச் சந்தை சீக்கிரம் வந்தது. மத்திய அரசு ஆண்டுதோறும் அறிவிக்கும் ஆதார விலைப் பட்டியலிலும் கேழ்வரகு உண்டு. 2025-26 பருவத்துக்கு குவிண்டாலுக்கு 4,886 ரூபாய் என அறிவிக்கப்பட்டது. நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023 முதல் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக மாதம் 2 கிலோ கேழ்வரகு வழங்கும் ஏற்பாடும் தொடங்கியது. சாமைக்கும் வரகுக்கும் அந்தப் பட்டியலில் தனி இடம் இல்லை. அவை வெளிச் சந்தையை நம்பியே நிற்கின்றன.

மலையை விட்டுச் சாமை இறங்கிய கதை

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை எடுத்துக்கொள்வோம். மலையாளி மக்கள் அங்கே தலைமுறை தலைமுறையாகச் சாமை, தினை, கேழ்வரகு பயிரிட்டு வந்தார்கள். சாமையிலேயே பெருஞ்சாமை, சடஞ்சாமை, மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை என்று பல வகைகள். ஒன்று சீக்கிரம் விளையும், ஒன்று மெலிந்த மண்ணிலும் வரும், ஒன்று சோற்றுக்கு ருசி. மழை எப்படிப் பெய்தாலும் ஏதாவது ஒன்று வீடு வந்து சேரும்.

பிறகு மரவள்ளி வந்தது. சேலம், நாமக்கல் பகுதிச் சேகோ ஆலைகள் கிழங்கை மொத்தமாக வாங்கின. கிழங்கு பிடுங்கிய கையோடு பணம் கிடைத்தது. ரேஷன் அரிசியும் வந்தது. சாமைக் கொல்லைகள் ஒவ்வொன்றாக மரவள்ளிக் கொல்லைகளாயின.

இதில் மக்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாமையை விட்டதற்குப் பெண்கள் சொன்ன காரணத்தை நாம் காது கொடுத்துக் கேட்கவில்லை என்பதே உண்மை. கொல்லையில் களை எடுத்து, அறுத்து, அடித்துத் தூற்றிய பிறகும் வேலை தீராது. விடியுமுன் எழுந்து உரலில் குத்த வேண்டும், புடைக்க வேண்டும், மறுபடி குத்த வேண்டும். அன்றைய சோற்றுக்கு அன்றன்று குத்த வேண்டும். ரேஷன் அரிசி வந்தபோது அவர்கள் விட்டொழித்தது சாமையை அல்ல, உலக்கையை.

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் பணி தொடங்கியபோது, பழைய வகைகளின் விதையைக் காப்பது, சாகுபடியைத் திருத்துவது, உண்ணும் பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவருவது, விற்பனை ஆகிய நான்கையும் சேர்த்தே கையில் எடுத்தது. ஊருக்குள் உமி நீக்கும் சிறிய இயந்திரங்கள் வந்தன. பெண்கள் குழுக்கள் அவற்றை நடத்தின. சாமை அரிசியும் மாவும் பொட்டலமாகி மலையிறங்கின. குழுக்கள் சேர்ந்து கூட்டமைப்பாயின. விதையை மட்டும் காத்தால் பயிர் நிலைக்காது, உலக்கைப் பாடு தீர்ந்தால்தான் நிலைக்கும் என்பது அங்கே கிடைத்த பாடம். மற்ற மலைப் பகுதிகளுக்கும், வரகு விளையும் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிக்கும், குதிரைவாலி விளையும் மதுரை மாவட்டத்துப் பேரையூர்ப் பகுதிக்கும் இது பொருந்தும்.

இன்று காலம் நமக்குச் சாதகமாகவும் இருக்கிறது. 2018-ல் மத்திய அரசு இத்தானியங்களை ஊட்டச்சத்துத் தானியங்கள் என அறிவித்தது. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நகரங்களில் நீரிழிவு உள்ளவர்களும் இல்லாதவர்களும் சாமைச் சோறு தேடுகிறார்கள். தேவை இருக்கிறது. ஆனால் அந்தத் தேவைக்கு நாம் கொண்டுபோய்ச் சேர்ப்பது தானியமா, அரிசியா என்பதே கேள்வி.

என் அனுபவம் ஒன்று

புதிய சந்தை என்றதும் ஓடிவிடாதீர்கள் என்று சொல்லும் கடமையும் எனக்கு உண்டு. அதற்குக் காரணம் என் சொந்தத் தவறு.

2004-ஆம் ஆண்டில் மானாவாரி மாவட்டம் ஒன்றில் பணியாற்றினேன். மூலிகைச் சாகுபடிக்கு அப்போது பெரிய பேச்சு. ஒரு நிறுவனம் நாற்று கொடுத்துக் கிழங்கைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக ஊர் ஊராகச் சொல்லி வந்தது. உழவர் கூட்டம் ஒன்றில் என்னையும் பேச அழைத்தார்கள். நான் பயிரைப் பற்றிப் பேசினேன். மண், உரம், நீர், நோய், மகசூல் எல்லாம் சொன்னேன். சொன்னது ஒன்றும் பொய்யில்லை. பயிரும் நன்றாகவே வந்தது.

முதல் அறுவடையை வாங்கினார்கள். இரண்டாம் அறுவடையின்போது அலுவலகக் கதவு பூட்டிக் கிடந்தது. கிழங்கைச் சாக்கில் கட்டித் திண்ணையில் அடுக்கி வைத்திருந்தார்கள். உள்ளூரில் அதை வாங்க ஒருவரும் இல்லை. சோற்றுக்கும் ஆகாது, மாட்டுக்கும் ஆகாது. ஒரு பெரியவர், மனைவியின் தோட்டை அடகு வைத்து நாற்று வாங்கியவர், என்னைப் பார்த்துக் கோபப்படவில்லை. "ஐயா, விளைவிக்கச் சொல்லிக் கொடுத்தீங்க. விற்கிறதையும் கொஞ்சம் கேட்டுட்டுச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

பிறகு அந்த ஒப்பந்தத் தாளை வாங்கிப் படித்தேன். நிறுவனம் வாங்கிக்கொள்ளும் என்று இருந்தது. எந்தத் தரத்தில், எத்தனை நாளில், யார் தராசில், பணம் எப்போது என்று ஒரு வரி இல்லை. கூட்டத்துக்குப் போகும் முன் அதை நான் படித்திருக்க வேண்டும். அன்று முதல் எந்தப் பயிரைப் பற்றிப் பேசினாலும் வாங்குபவரைப் பற்றி விசாரிக்காமல் பேசுவதில்லை.

அந்தக் கிழங்கோடு ஒப்பிட்டால் சாமைக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. சந்தை கைவிட்டாலும் சாமை நம் வீட்டுச் சோறு. தட்டை மாட்டுக்குத் தீவனம். உமியோடு வைத்தால் ஆண்டுக் கணக்கில் பூச்சி விழாமல் இருக்கும். ஆகவே சிறு உழவர் துணிந்து இறங்கக்கூடிய சந்தை இது.

நூறு கிலோவின் கணக்கு

இனிக் கணக்குக்கு வருவோம். கீழே உள்ள விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

சாமைத் தானியம் கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோவுக்கு 4,000 ரூபாய். உமி நீக்கும் கூலி 500 ரூபாய். ஏற்றுகூலி, வண்டி, பை, கல் பொறுக்கும் ஆள் கூலி எல்லாம் சேர்த்து 500 ரூபாய். ஆக 5,000 ரூபாய் அடக்கம்.

நன்கு தூற்றாத, ஈரம் மிகுந்த, வகை கலந்த சாமையாக இருந்தால் 100 கிலோவுக்கு 60 கிலோ முழு அரிசி காண்பதே பெரிது. 5,000 ரூபாயை 60-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 83 ரூபாய்க்கு மேல் அடக்கம். அரிசியை மொத்தமாகக் கிலோ 90 ரூபாய்க்கு விற்றால் வரவு 5,400 ரூபாய். மிச்சம் 400 ரூபாய்.

அதே சாமை சுத்தமாக, நன்கு காய்ந்து, ஒரே வகையாக இருந்து 65 கிலோ அரிசி கண்டால் வரவு 5,850 ரூபாய். மிச்சம் 850 ரூபாய். அரிசி கூடியது 5 கிலோதான். மிச்சமோ இரண்டு மடங்குக்கும் மேல்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் தெரிகின்றன. ஒன்று, கடையில் இரட்டை விலை என்றாலும் நூறு கிலோ தானியம் நூறு கிலோ அரிசியாகிவிடாது. கடை விலையை மட்டும் பார்த்து ஆசைப்பட்டு இயந்திரம் வாங்கியவர்கள் கை சுட்டுக்கொண்டார்கள். இரண்டு, இலாபம் கடைத் தெருவில் பிறப்பதில்லை. அது நம் களத்தில் பிறக்கிறது.

களத்தில் செய்ய வேண்டியவை

தார் ரோட்டிலும் மண் களத்திலும் கதிரைப் போட்டு அடித்தால் சாமையோடு சாமை அளவுள்ள கல்லும் சேரும். அந்தக் கல்லைப் பிறகு முறத்தால் கொழித்தும் பிரிப்பது கடினம். ஒரு வாய்ச் சோற்றில் ஒரு கல் கடிபட்டால் நகரத்து வீட்டில் மறுமுறை சாமை வாங்க மாட்டார்கள். ஆகவே கதிரடிக்கும் இடத்தில் தார்ப்பாய் விரிப்பது முதல் வேலை. ஒரு தார்ப்பாயை நான்கு வீடுகள் முறை வைத்துப் பயன்படுத்தலாம்.

காற்று வீசும் நேரத்தில் இரண்டு முறை தூற்றிப் பதரையும் தூசியையும் போக்க வேண்டும். பிறகு சல்லடையில் சலிக்க வேண்டும். பதர் கலந்த சாமையை இயந்திரத்தில் போட்டால் பதருக்கும் சேர்த்துக் கூலி கொடுக்கிறோம்.

காய்ச்சலில் கவனம் வேண்டும். ஈரம் 10 முதல் 12 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. ஈரம் கூடினால் உமி விடாது, அரிசி நசுங்கும். அளவுக்கு மீறிக் காய்ந்தால் நொறுங்கிக் குருணையாகும். மழை மாதத்தில் அறுவடையாவதால் இது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். ஒரே நாளில் சுட்டெரிக்கும் வெயிலில் காய வைப்பதைவிட, மெல்லியதாகப் பரப்பி, அடிக்கடி கிளறி, இரண்டு மூன்று நாளில் காய வைப்பது மேல். அருகிலுள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஈரமானி இருந்தால் ஒரு கைப்பிடி கொண்டுபோய்ச் சோதித்து, கையில் அந்தப் பதத்தைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

வகையைக் கலக்காதீர்கள். பெரிய மணிக்கு ஏற்ப இயந்திரத்தை அமைத்தால் சிறிய மணி உமியோடு வெளியே வரும். சிறிய மணிக்கு ஏற்ப அமைத்தால் பெரிய மணி உடையும். ஊரில் உள்ளவர்கள் கூடிப் பேசி, விற்பனைக்கென்று ஒரே வகையை விதைப்பது நல்லது. திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தலில் உள்ள சிறுதானிய மகத்துவ மையத்திலிருந்து 2019-ல் வெளியான ஏ.டி.எல். 1 சாமை 85 முதல் 90 நாளில் விளையும். பழைய வகைகளுக்கு ருசியாலும் பெயராலும் தனி மதிப்பு உண்டு. அவற்றைத் தனி மூட்டையாக, பெயர் எழுதி வையுங்கள். கலந்து கட்டினால் இரண்டுக்கும் மதிப்புப் போய்விடும்.

தானியமாக வைத்திரு, அரிசியாக விற்றுவிடு

இந்த ஒரு வரியைப் பெண்கள் குழுக்கள் சுவரில் எழுதி வைக்கலாம். உமியோடு இருக்கும் சாமை நெடுநாள் கெடாது. உமி நீங்கிவிட்டால் தவிட்டில் உள்ள எண்ணெய்ச் சத்தில் காற்றுப் பட்டு இரண்டு மூன்று மாதங்களில் சிக்கு வாடை வந்துவிடும். அறுவடை முடிந்த கையோடு எல்லாவற்றையும் அரிசியாக்கி அடுக்கி வைத்துவிட்டு, ஆள் தேடிப் போகும் குழுக்கள் நட்டப்படுவது இதனால்தான். எவ்வளவுக்கு ஆர்டர் வந்திருக்கிறதோ அவ்வளவுக்கு மட்டும் உமி நீக்க வேண்டும்.

வெள்ளை வெளேரென்று தீட்டச் சொல்லும் வியாபாரிகளும் உண்டு. அளவுக்கு மீறித் தீட்டினால் நார்ச்சத்து தவிட்டோடு போய்விடும். எடையும் குறையும். தவிடு சிறிது இருக்கும் அரிசிக்கென்றே வாங்குபவர்கள் உண்டு. அவர்களிடம், எத்தனை நாளுக்குள் சமைத்துவிட வேண்டும் என்பதையும் சொல்லி விற்க வேண்டும்.

இயந்திரம் யாருக்கு?

மணிக்கு 100 கிலோ அளவில் உமி நீக்கும் சிறிய இயந்திரங்கள் கிடைக்கின்றன. இயந்திரம் ஒன்று மட்டும் போதாது. தூசி, பதர் சலிக்கும் இயந்திரமும் கல் நீக்கும் இயந்திரமும் அதன் முன்னே இருக்க வேண்டும். மின்சாரம் ஒரு முனையா, மும்முனையா என்பதை வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். மும்முனை மின்சாரம் இல்லாத மலையூரில் மும்முனை மோட்டார் இறக்கி, மூலையில் போட்டு வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இதிலும் ஒரு கணக்கு உண்டு. 20 குடும்பங்கள், வீட்டுக்கு ஒரு ஏக்கர் சாமை, ஏக்கருக்கு 400 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 8,000 கிலோ. இயந்திரத்துக்கு அது 80 மணி நேர வேலை. நாளுக்கு 8 மணி நேரம் ஓட்டினால் பத்து நாளில் முடிந்துவிடும். மீதி 355 நாள் இயந்திரம் சும்மா கிடக்கும், கடனுக்கு வட்டி மட்டும் ஓடும். ஆகவே 20 பேர் சேர்ந்தாலும் தனி இயந்திரம் கட்டுபடியாகாது. பல ஊர்ச் சாமை, தினை, வரகு வந்து சேர வேண்டும். வெளியாருக்கும் கூலிக்கு ஓட்ட வேண்டும். தொடக்கத்தில் பக்கத்து ஆலையில் கூலிக்கு உமி நீக்கி ஓராண்டு விற்றுப் பழகிவிட்டு, பிறகு இயந்திரத்தைப் பற்றி யோசிப்பதே விவேகம்.

சேர்ந்து விற்பது எப்படி?

2002-ல் கம்பெனிச் சட்டம் திருத்தப்பட்டு, உழவர்களே பங்குதாரர்களாக இருக்கும் உற்பத்தியாளர் நிறுவனங்கள் தொடங்க வழி பிறந்தது. பத்து உழவர்கள் சேர்ந்தாலே சட்டப்படி தொடங்கலாம். தமிழ்நாட்டில் 2017-18 முதல் கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 20 சிறு, குறு உழவர்கள் ஓர் ஆர்வலர் குழு, ஐந்து குழுக்கள் சேர்ந்து 100 பேர் கொண்ட உற்பத்தியாளர் குழு என்று அமைத்து, 100 பேர் குழுவுக்கு 5 லட்ச ரூபாய் தொகுப்பு நிதி வழங்கப்பட்டது. பத்தாயிரம் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் மத்தியத் திட்டம் 2020-ல் தொடங்கியது. உங்கள் வட்டாரத்தில் ஏதேனும் ஒரு நிறுவனம் பெரும்பாலும் இருக்கும். புதிதாகத் தொடங்கும் முன் அதில் சேர முடியுமா என்று பாருங்கள்.

இப்படிப்பட்ட அமைப்புகள் சரிவதைப் பல இடங்களில் பார்த்துவிட்டேன். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். வியாபாரி மூட்டையை இறக்கிய உடனே பணம் எண்ணிக் கொடுக்கிறார். நகரத்துக் கடைக்காரரோ சரக்கு வாங்கி முப்பது, நாற்பது நாள் கழித்துப் பணம் தருகிறார். இடைப்பட்ட நாட்களில் பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் காத்திருக்காது. உறுப்பினர் நல்லவராயிருந்தாலும், பணம் வேண்டிய நாளில் பழைய வியாபாரியிடமே போவார். அவரைத் துரோகி என்று சொல்வதில் பயனில்லை.

ஆகவே குழுவின் கைநிதியை இயந்திரத்திலும் கட்டடத்திலும் முழுவதும் முடக்கிவிடக் கூடாது. மூட்டை வந்த அன்றே சந்தை விலையில் முக்கால் பங்கையாவது கொடுக்கும் அளவுக்குப் பணம் கையில் இருக்க வேண்டும். மீதியை விற்ற பிறகு, கணக்கைப் படித்துக் காட்டிக் கொடுக்கலாம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் தானியத்தை இருப்பு வைத்து, மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் பெறவும் வழி உண்டு. உங்கள் பகுதிக் கூடத்தில் சாமைக்கு அது கிடைக்குமா, உச்ச வரம்பு என்ன, வட்டி என்ன என்று கண்காணிப்பாளரைக் கேட்டறியுங்கள்.

எடையும் கணக்கும் எல்லோர் கண்முன்னும் நடக்க வேண்டும். யார் எத்தனை கிலோ கொடுத்தார், எவ்வளவு அரிசி கண்டது, குருணை எவ்வளவு, தவிடு, உமி எங்கே போயிற்று என்பதை ஒரு நோட்டில் எழுதி மாதம் ஒரு முறை கூட்டத்தில் படிக்க வேண்டும். மில்லில் நிற்பதும், புடைப்பதும், பொட்டலம் கட்டுவதும் பெண்கள் என்றால், கணக்கு நோட்டும் கையெழுத்து உரிமையும் அவர்களிடமே இருப்பது நியாயம்.

பொட்டலமாக விற்கப் போகிறீர்கள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பொட்டலத்தின் மேல் பொருளின் பெயர், எடை, கட்டிய நாள், விலை, முகவரி ஆகியன இருக்க வேண்டும்.

வாங்குபவரிடம் கேட்க வேண்டியவை

யார் வந்து, எத்தனை நல்ல விலை சொன்னாலும், கீழ்க்கண்டவற்றைக் கேட்டு எழுதி வாங்கிய பிறகே விதையுங்கள்.

1. எந்த வகை, எந்த ஈரப்பதம், எவ்வளவு கல், பதர் வரை ஏற்றுக்கொள்வீர்கள்? மாதிரி ஒரு கிலோவை இருவர் கையெழுத்தோடு முடிந்து வைத்துக்கொள்ளலாமா?

2. எடை எங்கே போடப்படும்? நம் ஊரிலா, உங்கள் கிடங்கிலா? வழியில் குறையும் எடை யார் கணக்கு?

3. பணம் எத்தனை நாளில்? தாமதமானால் என்ன?

4. விலை இப்போதே முடிவா, அன்றைய சந்தை விலையா? எந்தச் சந்தை?

5. நீங்கள் வாங்காமல் நின்றுவிட்டால் வேறு யாருக்கு விற்கலாம்?

கடைசிக் கேள்விக்கு அவரைவிட நமக்குத்தான் பதில் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பதில் இல்லாத பயிரை அரை ஏக்கருக்கு மேல் விதைக்காதீர்கள். ஒப்பந்தம் என்றால், 2019-ல் நிறைவேறிய தமிழ்நாடு ஒப்பந்தப் பண்ணையச் சட்டத்தின்படி அதைப் பதிவு செய்ய வழி உண்டு. பதிவுக்குத் தயங்குபவரிடம் நாமும் தயங்குவது நல்லது.

வீட்டுப் பங்கு முதலில்

முடிவாக ஒன்று. சாமைக்கு நல்ல விலை வந்துவிட்டது என்பதற்காக வீட்டுக்கு வேண்டியதையும் மூட்டை கட்டி அனுப்பிவிடாதீர்கள். நகரத்தார் மருந்தாக நினைத்துத் தேடி உண்பதை நம் பிள்ளைகள் உண்ணாமல் போவது முறையல்ல. அறுவடையானதும் விதைக்கு ஒரு பங்கு, வீட்டுக்கு ஒரு பங்கு எடுத்து வைத்துவிட்டு மீதியைச் சந்தைக்கு அனுப்புங்கள். விலை சரியில்லை என்றால் மீதியும் உமியோடு குதிரில் காத்திருக்கும். காத்திருக்க முடிந்த உழவரிடம்தான் வியாபாரி விலை கேட்பார்.

வரும் ஆடிப் பட்டத்துக்கு முன் உங்கள் ஊரில் சாமை, தினை, வரகு விதைப்பவர்கள் பத்துப் பேராவது ஒரு மாலை கூடி உட்காருங்கள். சென்ற ஆண்டு யார் என்ன விலைக்கு விற்றார்கள் என்று ஒளிவு மறைவின்றிச் சொல்லுங்கள். ஒரே வகை விதைக்க முடியுமா, நான்கு தார்ப்பாய் வாங்க முடியுமா, அருகில் கூலிக்கு உமி நீக்கும் ஆலை எங்கே இருக்கிறது என்று பேசுங்கள். 50 கிலோவை மட்டும் உமி நீக்கி, எத்தனை கிலோ அரிசி கண்டது என்று நீங்களே எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஓர் எண் கையில் இருந்தால், அடுத்த முறை வியாபாரி விலை சொல்லும்போது அது சரியா, குறைவா என்று உங்களுக்கே தெரியும். மற்ற ஐயங்களுக்கு வட்டார வேளாண் விரிவாக்க மையத்தையோ, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகிப் பயன் பெறலாம்.